நான் தப்பாக வாசித்தால் நீயும் தப்பாக வாசி: பூஸூ சேவிஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

1954-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லேக் சார்ல்ஸ் என்ற ஊரில் ஒரு பாட்டு பதிவானது. முதல் தடவை கேட்பவருக்கு இசைத்தட்டில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். மார்பில் மாட்டி வாசிக்கும் துருத்தி வாத்தியமான அக்கார்டியன் ஒரு சுருதியில் போகிறது, பின்னால் இருக்கும் குழு வேறு சுருதியில் போகிறது. டிரம்ஸ்காரர் அடுத்த அடி எங்கே விழப்போகிறது என்று இருட்டில் சுவரைத் தடவுகிற மாதிரி தேடிக்கொண்டிருக்கிறார். பாடுகிறவருக்கு இது எதுவும் பொருட்டில்லை. தன் பாட்டுக்குப் பாடுகிறார், தன் பாட்டுக்கு வாசிக்கிறார்.

பாட்டின் பெயர் ‘பேப்பர் இன் மை ஷூ’, அதாவது என் செருப்புக்குள் காகிதம். பாடியவர் வில்சன் ஆந்தனி சேவிஸ். ஊரில் எல்லோருக்கும் பூஸூ. லூசியானாவின் கறுப்பின கிரியோல் மக்களுடைய நடன இசையான ஜைடிகோவின் முதல் ஹிட் என்று பெரும்பாலும் இந்தப் பாட்டைத்தான் சொல்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இவ்வளவு விற்ற பாட்டின் சொந்தக்காரர் அதற்கப்புறம் அந்தத் தொழிலையே விட்டுவிட்டுப் பந்தயக் குதிரைகளைப் பழக்கப் போனார். கிட்டத்தட்ட முப்பது வருடம். 1984-ல் திரும்பி வந்தபோது ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு வயது. வந்து பத்து வருடத்துக்குள் ஜைடிகோவின் ராஜா என்று கிரீடம் வைத்தார்கள்.

விட்டுப் போனதற்குக் காரணம் காசு என்று வழக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அது பொய் இல்லை. ஆனால் எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. மீதி அந்தப் பதிவிலேயே காதில் விழுகிறது.

வீட்டு நடனம்

தென்மேற்கு லூசியானாவின் கிரியோல் மக்கள் பிரெஞ்சு பேசிய கறுப்பின மக்கள். நெல், பருத்தி, கரும்பு வயல்களில் வேலை, பெரும்பாலும் குத்தகைக்கு. சனிக்கிழமை ராத்திரி யாராவது ஒருவர் வீட்டில் கட்டில், மேசையை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு முன்னறையில் ஆடுவார்கள். சமையலறையில் கம்போ என்ற கெட்டிக் குழம்பு கொதிக்கும். ஒரு அக்கார்டியன், தாளத்துக்கு ஒரு துணி துவைக்கும் தகரப் பலகை, அவ்வளவுதான் கச்சேரி. இந்த நடனத்துக்கும் அதன் இசைக்கும் ‘லா லா’ என்று பெயர்.

ஜைடிகோ என்ற பெயர் பின்னால் வந்தது. ‘பீன்ஸில் உப்பில்லை’ என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சு வரி அவர்கள் பாட்டுகளில் அடிக்கடி வரும். பானையில் போட உப்புக்கண்டம் இல்லாத அளவுக்கு வறுமை என்று அர்த்தம். ‘லே-ஸாரிகோ’ என்று பீன்ஸைக் குறிக்கும் சொல் வாய்க்கு வாய் தேய்ந்து ஜைடிகோ ஆயிற்று என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். உப்பில்லாத பீன்ஸ், ஓட்டைச் செருப்புக்குள் காகிதம் என்று இந்த இசையில் இல்லாமை எப்போதும் ஆடிக்கொண்டே வரும். யாரும் அதைச் சொல்லி அழுவதில்லை.

ஆபத்து இல்லாத உலகமும் இல்லை அது. பூஸூவுக்கு முந்தைய தலைமுறையில் அமடே ஆர்டுவான் என்ற அக்கார்டியன் மேதை இருந்தார். 1929-லிருந்து 1934 வரை 34 பாட்டுகள் பதிவு செய்தவர், அவற்றில் பலவற்றில் டென்னிஸ் மக்கீ என்ற வெள்ளையர் வயலின்காரர் துணை. ஒரு நடனத்தில் வேர்வை துடைக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் கைக்குட்டையைக் கொடுத்தார் என்பதற்காக அவரைச் சாகும் அளவுக்கு அடித்துப் போட்டார்கள் என்பது அங்கே இன்றும் சொல்லப்படும் வரலாறு. 1942-ல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். அக்கார்டியனைக் கையில் எடுக்கும் கிரியோல் பையன் ஒவ்வொருவனும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தான்.

பூஸூ பிறந்தது 1930 அக்டோபர் 23. குத்தகை விவசாயக் குடும்பம். அம்மா வீட்டு வேலை செய்தும், குதிரைப் பந்தயம் நடக்கும் இடங்களில் சுட்ட இறைச்சி விற்றும் காசு சேர்த்து லேக் சார்ல்ஸுக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கினார். அந்தப் பகுதிக்கு டாக் ஹில் என்று பெயர். பெயரில்தான் குன்று உண்டு, ஊர் தட்டைத் தரை. குதிரையும் அக்கார்டியனும் அவருக்கு ஒரே வயதில், ஒரே முற்றத்தில் வந்து சேர்ந்தவை. பிற்பாடு இரண்டில் ஒன்றை விட நேர்ந்தபோது இன்னொன்று ஏற்கெனவே கைவசம் இருந்தது.

ஒரு பொத்தான், இரண்டு சுரம்

இங்கே வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இது புரியாவிட்டால் 1954-ல் நடந்தது புரியாது.

நமக்குப் பழக்கமான ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால், துருத்தியை எப்படி இயக்கினாலும் ஒரே சுரம்தான். பியானோ கட்டை வைத்த அக்கார்டியனும் அப்படியே. பூஸூ வாசித்த பொத்தான் அக்கார்டியன் வேறு ஜாதி. துருத்தியை உள்ளே தள்ளும்போது ஒரு பொத்தான் ஒரு சுரம் தரும். வெளியே இழுக்கும்போது அதே பொத்தான் வேறு சுரம் தரும். அதனால் மெட்டு மாற மாற, கை தள்ளியும் இழுத்தும் தீர வேண்டும். சுரத்தைத் தேடும் அசைவே தாளமாகவும் ஆகிவிடும். மூச்சு வாங்கி விடுகிற மாதிரி ஒரு குலுக்கல் அந்த வாசிப்பில் இருப்பது இதனால்தான்.

இன்னொன்று, இந்த வாத்தியம் பெட்டிக்குள் வைத்த ஒன்றிரண்டு சுருதிகளில்தான் ஒழுங்காகப் பேசும். கிட்டார்காரர் நினைத்தால் சுருதி மாறிக்கொள்ளலாம், அக்கார்டியன்காரரால் முடியாது. அவர் இருக்கும் இடத்துக்கு மற்றவர்கள்தான் வர வேண்டும்.

தாளக் கணக்கிலும் ஒரு சங்கதி உண்டு. வீட்டு நடனத்தில் தனியாக வாசித்துப் பழகியவருக்குப் ஒரு பத்திக்குப் பன்னிரண்டு தாள அளவு, எட்டு தாள அளவு என்ற கட்டுப்பாடு கிடையாது. வரி முடிந்ததும் அடுத்த வரிக்குத் தாவுவார், பிடித்திருந்தால் ஒரே இடத்தில் இரண்டு சுற்று நிற்பார். ஆடுகிறவர்கள் அளவை எண்ணுவதில்லை. அடி விழுந்தால் போதும்.

அந்த அறையில்

எடி ஷூலர் லேக் சார்ல்ஸில் கோல்ட்பேண்ட் என்ற சின்ன நிறுவனம் வைத்திருந்த வெள்ளையர். பதிவுக்கூடத்தோடு டிவி ரிப்பேர் கடையும் நடத்தினார். பல்வேறு இசைகளில் கை வைத்தவர். பிற்பாடு சிறுமியாக இருந்த டாலி பார்ட்டனின் முதல் தட்டையும் வெளியிட்டவர். டாக் ஹில் பக்கம் ஒரு பையன் ஜனங்களை ஆட வைக்கிறான் என்று தெரிந்ததும் பூஸூவைக் கூட்டி வந்தார். துணைக்கு கிளாசி பலூ என்ற கிட்டார்காரரின் குழுவை ஏற்பாடு செய்தார். நல்ல குழுதான். ஆனால் அவர்கள் நகரத்து ரிதம் அண்ட் ப்ளூஸ் வாசிப்பவர்கள். அளவு எண்ணி, சுருதி பேசிக்கொண்டு வாசிக்கிறவர்கள்.

வேலை ஓடவில்லை. பூஸூ நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, குழு திரும்பும் இடத்தில் அவர் திரும்பவில்லை. இறுக்கம் தளரட்டும் என்று ஷூலர் விஸ்கி வாங்கிக் கொடுத்தார். அவர் சொன்ன கதைப்படி, ஒரு தடவை பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே பூஸூ நாற்காலியிலிருந்து விழுந்தார். விழுந்தும் வாசிப்பை நிறுத்தவில்லை. முடிவில் ஒலியைக் குறைத்துத் தேய்த்து முடித்ததற்கும் அதுதான் காரணம். ஷூலர் கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்பதையும் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பூஸூ அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது நாற்காலியைவிடக் காசுதான் அதிகம் வரும்.

ஹெட்போன் போட்டு நாலைந்து தடவை கேட்டுப் பார்த்தேன். யார் தப்பு என்ற கேள்விக்கு என் காது சொல்லும் பதில் இது: பூஸூ தன் கணக்கில் தப்பவே இல்லை. ஒவ்வொரு வரியும் அவருக்குள் இருக்கும் அடியில்தான் விழுகிறது. குழுவும் தன் கணக்கில் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு சரிகள் ஒரே அறையில் மாட்டிக்கொண்டதால் வந்த குழப்பம் அது. கூட இருந்த யாருக்கும் அவர் எங்கே திரும்புவார் என்று தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

ஆனாலும் தட்டு ஓடியது. ஷூலர் முதலில் தன் ஃபோக்-ஸ்டார் முத்திரையில் போட்டார். அது ஓடுவதைப் பார்த்து, ஃபாட்ஸ் டொமினோவின் தட்டுகளை வெளியிட்டுக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலிஸ் நிறுவனமான இம்பீரியல் அதைக் குத்தகைக்கு எடுத்துப் பெரிய அளவில் விற்றது. ஜூக்பாக்ஸில் காசு போட்டு அதைக் கேட்ட ஜனங்களுக்குச் சுருதி பேதம் ஒரு குறையாகப் படவில்லை. அவர்களுக்குத் தெரிந்த வீட்டு நடனம் முதல்முறையாக ஒரு பெட்டிக்குள்ளிருந்து கேட்டது.

கணக்கு

அந்தக் காலத்தில் ஒரு கிராமத்து இசைக்கலைஞரின் காசு வரும் வழியைப் பார்த்தால் தலை சுற்றும். கடைக்காரர், விநியோகஸ்தர், குத்தகை எடுத்த பெரிய நிறுவனம், குத்தகை விட்ட சின்ன நிறுவனம் என்று எல்லோர் கையையும் தாண்டிய பிறகுதான் பாடியவருக்கு. எத்தனை விற்றது என்பது ஒவ்வொரு படியிலும் அடுத்தவர் வாய்ச்சொல். கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டு என்று கேட்க லூசியானாவின் கறுப்பின விவசாயி ஒருவருக்கு 1950-களில் என்ன பலம் இருந்திருக்கும்?

தனக்கு வர வேண்டியது வரவில்லை என்று பூஸூ கடைசிவரை நம்பினார். நிறுவனம் சொன்ன எண்ணிக்கை ஒன்று, அவர் காதில் விழுந்தது அதைப்போலப் பல மடங்கு. தங்க இசைத்தட்டு வந்திருக்க வேண்டும், என் பாட்டைத் திருடிவிட்டார்கள் என்று 1990-களின் பேட்டிகளிலும் சொன்னார். நாற்பது வருடம் ஆறாத கோபம் அது.

அடுத்தடுத்த சில பதிவுகள் எடுபடவில்லை. மெல்ல ஒதுங்கினார். இங்கே ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும்: அவர் அக்கார்டியனை விடவில்லை, வியாபாரத்தைத்தான் விட்டார். உறவுக்காரர் வீட்டு விசேஷம், அக்கம்பக்கத்து விருந்து என்றால் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். விவசாயம் பார்த்தார், குதிரை பழக்கினார், மனைவி லியோனாவோடு குடும்பத்தை வளர்த்தார்.

அந்த முப்பது வருடத்தில் ஜைடிகோ வேறு வழியில் போனது. ஒப்பலூசஸ் பக்கம் 1925-ல் பிறந்த கிளிஃப்டன் சேனியர், பியானோ கட்டை அக்கார்டியனை மாட்டிக்கொண்டு அதற்குள் ப்ளூஸ், சாக்ஸஃபோன், நகரத்து மிடுக்கு எல்லாவற்றையும் ஏற்றினார். துணி துவைக்கும் பலகையைத் தோளில் மாட்டும் தகரச் சட்டையாக வடிவமைத்ததும் அவர்தான். அண்ணன் கிளீவ்லண்ட் அதை பாட்டில் திறப்பான்களால் உரசி வாசிப்பார். சேனியர் கிராமி வாங்கினார், உலகம் சுற்றினார், நிஜமாகவே கிரீடம் வைத்துக்கொண்டு மேடை ஏறினார். அவர் பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் அவர் நிழலில் பழைய பொத்தான் அக்கார்டியன் தாத்தா காலத்துச் சாமானாகிவிட்டது.

பூஸூ இந்த மாற்றம் எதிலும் இல்லை. மேடையில் இருந்திருந்தால் அவரும் மாறியிருப்பார், பிழைப்புக்காகவாவது. குதிரை லாயத்தில் இருந்ததால் அவர் வாசிப்பு 1954-ல் இருந்த மாதிரியே கெடாமல் கிடந்தது.

திரும்பி வந்தது

1984-ல் அவரைத் திரும்ப இழுத்தது புகழாசை இல்லை, ரோஷம். யாரோ ஒருவர் தன்னை பூஸூ சேவிஸ் என்று சொல்லிக்கொண்டு வாசித்துத் திரிகிறார் என்று செய்தி வந்தது. பாட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள், இப்போது பேரையுமா என்று கிளம்பிவிட்டார்.

வில் பிளாட் ஊரில் ஃபிளாய்ட் சுவாலோ நடத்திய மேஸோன் தெ ஸோல் நிறுவனத்துக்குப் பதிவு செய்தார். லாட்டெல்லில் இருந்த ரிச்சர்ட்ஸ் போன்ற பழைய நடனக் கூடங்களில் வாசித்தார். கூட்டம் நெரிந்தது. 1990-ல் ரௌண்டர் நிறுவனம் அவருடைய பழைய கோல்ட்பேண்ட் பதிவுகளை ‘லேக் சார்ல்ஸ் அணுகுண்டு’ என்ற பெயரில் மறுபடி வெளியிட்டது. என்.ஆர்.பி.க்யூ என்ற ராக் குழுவின் டெர்ரி ஆடம்ஸ் தயாரித்த ஆல்பம் 1991-ல் ஒரு பெரிய நிறுவனத்தின் வழியாக வந்தது.

மேடையில் அவர் கோலம் பார்க்க வேண்டியது. தலையில் பெரிய வெள்ளைக் கௌபாய் தொப்பி. இடுப்பில், இறைச்சிக் கடைக்காரர் கட்டுகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன். வேடிக்கைக்குக் கட்டியது என்று பலர் நினைத்தார்கள். துருத்தி மடிப்புகள் அட்டையும் தோலும் ஒட்டிச் செய்தவை. லூசியானாக் கூடத்தின் புழுக்கத்தில் நாலு மணி நேரம் நின்று வாசித்தால் வேர்வை வழிந்து ஊறி அட்டை தொய்ந்துபோகும், காற்று கசியும். அதற்குத்தான் ஏப்ரன். குதிரைக்குச் சேணத்தின் கீழ் துணி போடத் தெரிந்தவருக்கு இது பெரிய கண்டுபிடிப்பு இல்லை.

பாட்டுகளும் முற்றத்திலிருந்தே வந்தன. மோட்டார் டியூட் என்பது ஒரு பந்தயக் குதிரையின் பெயர். அதன் பேரில் ஒரு பாட்டு. டாக் ஹில் பேரில் ஒன்று. லியோனா வைத்த விருந்தைப் பற்றி ஒன்று. ராத்திரி ஏறினால் பச்சையாகவும் பாடுவார். 1999-ல் வந்த ஆல்பத்துக்குப் பெற்றோர் எச்சரிக்கை வில்லை ஒட்ட வேண்டியதாயிற்று. அறுபத்தெட்டு வயசுத் தாத்தாவின் ஜைடிகோ தட்டுக்கு! தன் பெயர் அச்சிட்ட பெண்களின் உள்ளாடையைக் கச்சேரியில் விற்றதும் உண்டு. விற்ற காசு நேராக அவர் பைக்கு. நடுவில் விநியோகஸ்தர் யாரும் கிடையாது.

நான் முக்கியமாக நினைப்பது அவருக்குப் பின்னால் நின்றவர்களை. மேஜிக் சவுண்ட்ஸ் என்ற அந்தக் குழுவில் ஒரு மகன் சார்ல்ஸ் தகரச் சட்டை உரசினார், இன்னொரு மகன் ரெல்லிஸ் டிரம்ஸ். பிறந்ததிலிருந்து முற்றத்தில் அப்பா வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர் எங்கே தாவுவார், எங்கே நிற்பார் என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நடக்கும்போது அப்பா எந்தக் காலை முதலில் வைப்பார் என்று தெரிகிற மாதிரி இதுவும் தெரியும். குழுவினருக்கு பூஸூ சொன்னதாக அங்கே ஒரு வாக்கு பிரசித்தம்: தப்பாக இருந்தால் என்னோடு சேர்ந்து தப்பாக வாசி, நான் தப்பு என்றால் நீயும் தப்பு.

இதை வைத்துக்கொண்டு 1954-க்குத் திரும்பிப் போனால் அந்த அறையில் குறைந்தது என்ன என்பது விளங்கும். பூஸூவுக்குத் திறமை குறையவில்லை, பலூவின் ஆட்களுக்கும் குறையவில்லை. அவரோடு சேர்ந்து தப்பாக வாசிக்க ஆள் இல்லை. முப்பது வருட இடைவெளியில் அந்தக் குழு வீட்டிலேயே வளர்ந்து நின்றது. மேடையில் இருந்திருந்தால் ஊர் ஊராகப் போய் வாடகைக் குழுக்களோடு மல்லுக்கட்டியிருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது.

இளையவர்களும் இதைக் கவனித்தார்கள். ஆண்ட்ரஸ் எஸ்ப்ரே என்ற எலக்ட்ரீஷியன் 1987-ல் வேலையில் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். அப்போதுதான் அப்பாவின் அக்கார்டியனை எடுத்துப் பழகினார். தேறி எழுந்ததும் மனைவியோடு நடனக் கூடங்களுக்குப் போய், எந்தத் தாளத்துக்கு ஜனங்கள் எழுந்து ஆடுகிறார்கள் என்று கவனித்தார். பூஸூவின் தாளத்துக்குத்தான் தரை நிரம்பியது. ஆறரை அடி உயரமும் இடிக்குரலுமாக போ ஜாக் என்ற பெயரில் அவர் மேடையேறியபோது பூஸூவுக்குச் சரியான போட்டி கிடைத்தது. நியூ ஆர்லியன்ஸில் பந்துருட்டும் கூடம் ஒன்றில், ராக் அண்ட் போல், இருவரும் மோதிய ராத்திரிகளை இன்றும் பேசுகிறார்கள். 1994-ல் இந்தப் போட்டியை வைத்து ஆவணப்படமே எடுத்தார்கள். சேனியர் 1987-ல் போனார், அவருக்குப் பின் கிரீடம் சூடிய ராக்கின் டூப்ஸி 1993-ல் போனார். அப்புறம்தான் கிரீடம் பூஸூ தலைக்கு வந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவருக்குப் பெரிய சங்கடமாக இருந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

வயதில் இளையவரான போ ஜாக் 1999-ல் நாற்பத்தைந்து வயதில் இறந்துவிட்டார். பூஸூ வாசித்துக்கொண்டே இருந்தார். செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினம் ஒவ்வொன்றுக்கும் டாக் ஹில்லில் தன் இடத்திலேயே விழா வைத்து ஊரைக் கூட்டினார். 2001-ல் டெக்சாஸின் ஆஸ்டினில் ஒரு கச்சேரி முடித்த பிறகு மாரடைப்பு வந்தது, பின்னாலேயே பக்கவாதமும். மே 5 அன்று அங்கேயே ஒரு மருத்துவமனையில் எழுபது வயதில் இறந்தார். மரபுக் கலைகளுக்கு அமெரிக்க அரசு தரும் உயரிய கௌரவமான தேசிய மரபுக் கலைஞர் விருதுப் பட்டியலில் அந்த வருடம் அவர் பெயர் இருந்தது. அதே வருடம் அவருடைய கடைசி ஆல்பமும் வெளியானது. அதன் தலைப்பில் ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், டாக் ஹில்.